ஈரம் கலந்தால் எல்லாமே குப்பை

சென்னை கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வரப்போகிறது என்ற பேச்சு தொடங்கியதிலிருந்து என்னைச் சுற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "எரிச்சாத்தான் என்ன, அந்த மலை எப்பத்தான் குறையும்?" என்று ஒரு பக்கம். "ஜனங்க பிளாஸ்டிக்கை விட்டா எல்லாம் சரியாயிடும்" என்று இன்னொரு பக்கம். இரண்டு பேச்சிலும் நம் வீட்டுக் குப்பைத் தொட்டிக்குள் உண்மையில் என்ன கிடக்கிறது என்பது விட்டுப்போகிறது. காய்கறித் தோல், மிஞ்சின சோறு, குழம்பு, வாழையிலை, டீத்தூள், வாடின பூ, மீன் கழுவின மிச்சம். எடை போட்டால் பாதி இதுதான், பல வீடுகளில் பாதிக்கும் மேல். குப்பைப் பிரச்சினை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஈரம் மற்ற பொருளோடு கலப்பதால் வருவது. இதை நான் உறுதியாக நம்புகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் காயலான் கடையைப் பார்ப்போம். இந்த ஊரில் மறுசுழற்சி என்று ஒன்று நடக்கிறது என்றால், அதில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. பேப்பர், அட்டைப்பெட்டி, தண்ணீர் பாட்டில், எண்ணெய் டின், உடைந்த பக்கெட், அலுமினியப் பாத்திரம், ஒயர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை, தனி மூட்டை, தனி வியாபாரி. பிளாஸ்டிக்கில் எது எந்த ரகம் என்பதைக் கையால் கசக்கி, அது எழுப்பும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். படித்து வந்த அறிவில்லை அது. ரகம் மாறினால் கூலி போய்விடும் என்பதால் வந்த அறிவு. பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்து வைக்கும் பழக்கம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றும் உண்டு. காய்ந்த பால் கவருக்குக் காசு உண்டு. புளித்த பால் ஒட்டின கவரை எவரும் தொடமாட்டார்கள்.

அட்டைப்பெட்டியும் அப்படித்தான். காலையில் சுத்தமாக இருந்தபோது விலைபோகிற சரக்கு. அதே பெட்டியின் மேல் சாம்பார் சாதம் கொட்டி, ஒரே பையில் கட்டி, தெருமுனைத் தொட்டியில் போட்டு, காம்பாக்டர் லாரியில் வைத்து நசுக்கிய பிறகு அதற்கு விலையே கிடையாது. பிளாஸ்டிக்கையாவது கழுவலாம், கழுவுகிறார்கள். காகிதத்தைக் கழுவ முடியாது. சமையலறையில் இரண்டு டப்பா வைக்காததால் ஒரு பொருள் தன் விலையை இழக்கிறது, அதைப் பொறுக்கிப் பிழைக்கும் ஒருவருடைய கூலியும் அதோடு போகிறது.

கலந்த குப்பை கிடங்குக்குப் போன பிறகு நடப்பது இன்னும் மோசம். காற்றுப் படாமல் அழுத்தி வைத்த ஈரம் அழுகும்போது மீத்தேன் வரும். அதில் இறங்கும் கறுப்புக் கசிவுநீர் நிலத்தடி நீரில் சேரும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அதே வருடம் ஏப்ரல் கடைசியில், அந்தச் சதுப்பை ஒட்டிய பெருங்குடி கிடங்கு நாள்கணக்கில் பற்றி எரிந்தது. அடியில் வாயு சேர்ந்து கிடக்கும் மேடு அது. மேலே தண்ணீர் அடித்தால் அணைந்ததுபோல் இருக்கும், வேறு இடத்தில் புகையும். கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், குப்பைமேடு சரிந்து பக்கத்து வீடுகளை மூடியது. குறைந்தது 32 பேர் செத்தார்கள். அதில் யாரும் அந்த மேட்டை உருவாக்கியவர்கள் இல்லை. அதன் அடியில் வாழ வேறு வழியில்லாதவர்கள்.

சரி, அப்படியானால் எரித்துவிடலாமே என்கிறார்கள். இதில்தான் எனக்குப் பெரிய மறுப்பு.

டெல்லி திமார்ப்பூரில் 1987-ல் டென்மார்க் உதவியோடு ஓர் எரியாலை கட்டினார்கள். ஒரு நாளைக்கு 300 டன் எரித்து மின்சாரம் எடுப்பது திட்டம். சோதனை ஓட்டமாக மூன்று வாரம் ஓடியதோடு நின்றுபோனது. காரணம் எளிது. கிலோவுக்குச் சுமார் 1,460 கிலோகலோரி வெப்பம் தரும் குப்பைக்காக வடிவமைத்த இயந்திரம் அது. டெல்லிக் குப்பை அதில் பாதியைத்தான் தந்தது. ஈரமும் மண்ணும் கலந்த குப்பையை எரிக்க, கூடவே வேறு எரிபொருளையும் போட வேண்டியிருந்தது. இன்றைக்கு இயந்திரங்கள் முன்னேறியிருக்கின்றன என்பார்கள், உண்மைதான். நம் சோறும் வாழையிலையும் மட்டும் அப்படியே இருக்கின்றன. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே, மறுசுழற்சி செய்ய முடியாத, கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்குக் குறையாத குப்பையைத்தான் எரிசக்திக்கு அனுப்பச் சொன்னன.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஆலை ஒழுங்காக எரிய வேண்டுமானால் ஈரத்தைப் பிரித்தாக வேண்டும். ஈரத்தைப் பிரித்துவிட்டால் மிச்சமிருப்பது என்ன? காகிதம், அட்டை, பிளாஸ்டிக். நன்றாக எரிகிற அதே சரக்கைத்தான் காயலான் கடைக்காரர் காசு கொடுத்து வாங்குகிறார். ஆக, அந்த ஆலைக்குப் போடும் தீனியில் ஒரு பங்கு குப்பை பொறுக்கும் குடும்பங்களின் கையிலிருந்து பிடுங்கியதாகத்தான் இருக்கும். கொடுங்கையூருக்குப் பேசப்படுவது ஒரு நாளைக்கு 2,100 டன். அவ்வளவு பெரிய ஆலையைக் கட்டிவிட்டால் வருஷக்கணக்காக அதற்குத் தினமும் குப்பை தந்துகொண்டே இருக்க வேண்டும். குப்பையைக் குறைக்கும் அக்கறை அப்புறம் எந்த நிர்வாகத்துக்கு வரும்? 2025 மே மாதம் வடசென்னைக் குடியிருப்போர் சங்கங்கள் மனிதச் சங்கிலியாக நின்றது வெறும் நாற்றத்துக்காக இல்லை. அனல்மின் நிலையங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ஏற்கெனவே சூழ்ந்திருக்கும் பகுதியில் இன்னொரு புகைபோக்கி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. நான் அவர்கள் பக்கம்.

வேறு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது, நடந்தும் காட்டியிருக்கிறார்கள். ஆலப்புழையின் குப்பை எல்லாம் பக்கத்தில் சர்வோதயபுரம் என்ற ஊரில் கொட்டப்பட்டு வந்தது. 2012-ல் அந்த ஊர்க்காரர்கள் லாரிகளை மறித்துவிட்டார்கள். நகராட்சிக்குக் கொட்ட இடமில்லை. அந்த நெருக்கடியில்தான் குப்பையை அங்கங்கேயே முடிப்பது என்று முடிவெடுத்தார்கள். வீடுகளில் குழாய் உரத்தொட்டி, சமையலறைக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன். வீட்டில் இடமில்லாதவர்களுக்குத் தெருவோரம் காற்றோட்டமான பொது உரத்தொட்டிகள். கேரள கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய தும்பூர்மூழி முறை அது. காய்ந்த இலை ஓர் அடுக்கு, குப்பை ஓர் அடுக்கு, சாணக் கரைசல், அவ்வளவுதான். 2017-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு பாராட்டிய நகரங்களின் வரிசையில் ஆலப்புழை இருந்தது.

புனேயில் குப்பை பொறுக்கும் பெண்கள் 1993-லேயே சங்கம் கட்டினார்கள். பிறகு ஸ்வச் என்ற கூட்டுறவைத் தொடங்கி, 2008-ல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடுவீடாகக் குப்பை எடுக்கிறார்கள். உலர் குப்பையை விற்று வரும் காசு அவர்களுக்கே. கலக்காமல் கொடுங்கள் என்று அந்தப் பெண்ணே வாசலில் நின்று கேட்பாள், ஏனென்றால் அதில்தான் அவள் வருமானம் இருக்கிறது. சானிட்டரி நாப்கினைக் காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைத்துத் தாருங்கள் என்ற இயக்கமும் அவர்களுடையதுதான். கையுறைகூட ஒழுங்காகக் கிடைக்காத ஒருவர் நம் வீட்டு ரத்தத்தையும் உடைந்த கண்ணாடியையும் தொட்டுப் பிரிக்கும் நிலையில் இன்னமும் இருக்கிறோம். இதை எழுதும்போது கோபம் வருகிறது.

சென்னைக்கும் இது தெரியாத விஷயம் இல்லை. 1989-ல் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற தன்னார்வ அமைப்பு, தெருக்காரர்களே பணம் போட்டு மூன்று சக்கர வண்டியில் குப்பை எடுக்கும் முறையை இங்கேதான் வளர்த்தது. காசோடு இணைத்தால் நடக்கும் என்பதற்கு நீலகிரியும் சாட்சி. 2022-ல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுத்தார்கள். காட்டில் யானை மிதித்துக் காயப்படும் கண்ணாடி அது. பெரும்பாலான பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. இப்போது பல மாவட்டங்களுக்கு அந்தத் திட்டம் வந்துவிட்டது.

"நாங்க பிரிச்சுத்தான் கொடுக்கிறோம், வண்டியில ஒண்ணாக் கொட்டறாங்க" என்பது நான் அதிகம் கேட்கும் புகார். உண்மைதான், என் கண்ணாலும் பார்க்கிறேன். ஆனால் அந்தத் தொழிலாளியைத் திட்டிப் பயனில்லை. வண்டியில் தடுப்பு இல்லை, நேரம் இல்லை. பல ஊர்களில் ஒப்பந்ததாரருக்கு எடைக்கணக்கில் பணம் என்பதால், தண்ணீர் சொட்டும் குப்பை அவருக்கு லாபம். இந்தக் கணக்கை மாற்றச் சொல்லி நாம் கேட்க வேண்டும். அதுவரை செய்யக்கூடியது, ஈரக் குப்பையை நம் காம்பவுண்டை விட்டு வெளியே விடாமல் இருப்பது. வெளியே போகாததை யாராலும் கலக்க முடியாது.

எங்கள் குடியிருப்பில் அதைத்தான் செய்கிறோம். இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கிய இரண்டு தொட்டிகள். ஒன்று நிறையும்போது மற்றது மக்கிக்கொண்டிருக்கும். கீழே தென்னை நார்த்தூள், ஒவ்வொரு நாள் குப்பைக்கு மேலும் ஒரு கை காய்ந்த இலை, ஆரம்பத்தில் கொஞ்சம் புளித்த மோர். நாறுகிறது என்றால் காற்றுப் போகவில்லை அல்லது ஈரம் அதிகம் என்று பொருள். கிளறிவிட்டு இன்னும் காய்ந்த இலை போட்டால் அடங்கிவிடும். நடுவில் கையை வைத்தால் சுடும். அந்தச் சூடு வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். புழு வந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் தின்னத்தான் வருகிறது. ஒன்றரை இரண்டு மாதத்தில் சலித்தெடுக்கலாம். இடமில்லாத சின்ன வீடுகளுக்கு இது முடியாது. அவர்களுக்காகத்தான் வார்டு அளவில் உரக்கூடம் வேண்டும், அதைக் குடிமக்கள் தலையில் கட்டக்கூடாது.

கொடுங்கையூரில் கிடக்கும் ஏறத்தாழ 66 லட்சம் டன் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்க ஒதுக்கியிருப்பது சுமார் 640 கோடி ரூபாய். வீட்டு வாசலிலேயே பிரித்திருந்தால் அந்தப் பணத்தில் எத்தனை வார்டுகளில் உரக்கூடமும் தடுப்பு வைத்த வண்டியும் வந்திருக்கும்! அதில் வேலை செய்பவர்களுக்கு எவ்வளவு கண்ணியமான சம்பளம் கொடுத்திருக்கலாம்!

எங்கள் பக்கத்தில் ஓர் உரக்கூடம் கட்டி, பெயர்ப்பலகை மாட்டி, பூட்டிக் கிடக்கிறது. அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் அதைத் திறக்கச் சொல்லியும், வண்டிக்குத் தடுப்பு கேட்டும் தெருக்காரர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வார்டில் உரக்கூடம் இருக்கிறதா, ஓடுகிறதா, பூட்டா? ஊர் பெயரோடு கமென்ட்டில் எழுதுங்கள், படம் இருந்தால் போடுங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்க உதவும்.