காமெடி நடிகர்கள் சீரியஸாக நடிப்பது இப்போது வந்த பழக்கமா?

2023-ல் ‘விடுதலை’யில் சூரி, ‘மாமன்னன்’ படத்தில் வடிவேலு என்று பார்த்துவிட்டு, தமிழில் காமெடி நடிகர்கள் கனமான வேடத்துக்கு வந்ததே இப்போதுதான் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. இருவரும் அருமையாக நடித்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாகேஷை எப்படி மறக்க முடியும்? 1964-லேயே ‘சர்வர் சுந்தரம்’ கதாநாயகன் அவர்தான், அடுத்த வருடம் ‘நீர்க்குமிழி’யில் மருத்துவமனையில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டே இருக்கும் நோயாளியாக வந்து நம்மைக் கலங்கடித்தார். அப்புறம் ‘நம்மவர்’ (1994), மகளை இழந்த அப்பா, அந்த ஒரு காட்சி போதும். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதும் கிடைத்தது. பகிரும் முன் ‘நீர்க்குமிழி’யை ஒருமுறை பாருங்கள்.