22 விநாடி டீசரில் கொலையாளியைப் பிடித்துவிட்டவர்களுக்கு

நேற்றுக் காலை ஏழு மணிக்கு என் மூன்றாண்டுக் காத்திருப்பில் மண் விழுந்தது. நாம் விடாமல் படித்து வரும் துப்பறியும் நாவல் தொடரின் ஆறாவது புத்தகம் வெளிவர இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் கைப்பேசிக்கு ஒரு படம் வந்துவிட்டது. அந்தப் புத்தகத்துக்குப் பதிப்பகம் வெளியிட்ட டீசரின், அதாவது சிறு விளம்பரக் காணொளியின், பதினான்காம் விநாடியில் சுவரில் விழும் நிழலை நிறுத்திப் பிடித்து, அந்த நிழலின் கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, வட்டத்திலிருந்து ஓர் அம்புக்குறி இழுத்து, அதன் நுனியில் இந்தத் தொடரின் முதல் நாவலிலிருந்தே நாம் நேசித்து வரும் ஒரு பாத்திரத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, 'கொலையாளி இவர்தான், நூற்றுக்கு நூறு' என்று தீர்ப்பும் சேர்த்து அனுப்பியிருந்தார் ஒரு வாசக நண்பர். அந்தப் பெயரை இங்கே நான் எழுத மாட்டேன். எழுதினால், எனக்கு அவர் செய்ததை உங்களுக்கு நானே செய்தவனாவேன்.

டீசர் வெளியான அன்றிலிருந்தே ஒதுங்கி இருந்தேன். நாவலின் பெயர் கண்ணில் பட்டால் விரல் தானாகவே அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடும். பின்னட்டைக் குறிப்பைக்கூடப் படிக்கவில்லை. இவ்வளவு பத்தியம் இருந்தும், பல் துலக்கி முடிக்கும் முன்பே விஷயம் வீடு தேடி வந்துவிட்டது. உங்களில் எத்தனை பேருக்கு இதே கதி நேர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நண்பரை உடனே அழைத்தேன். 'சும்மா ஒரு யூகம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?' என்றார். நூற்றுக்கு நூறு என்று எழுதியவரே யூகம் என்கிறார். அதோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் வைத்திருப்பேன். அவர் விடவில்லை, நாற்பது நிமிடம் எனக்கு விளக்கம் சொன்னார்.

முதலில் கடிகாரம். ஐந்தாம் விநாடியில் ஒரு சுவர்க்கடிகாரம் வருகிறது. அதில் மணி பத்து பத்து. ஆகவே கொலை நடந்த நேரம் பத்து பத்து. அதோடு முடியவில்லை. பத்தும் பத்தும் என்றால் முதல் நாவலின் பத்தாம் அத்தியாயத்தில் பத்தாம் பத்தி என்று பொருளாம். அதைத் தேடிப் பார்த்தால் அந்தப் பாத்திரம் தன் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறதாம். 'பார்த்தீர்களா, அங்கேயும் கடிகாரம், இங்கேயும் கடிகாரம்' என்றார், வெற்றிக் குரலில். நான் பொறுமையாகத்தான் சொன்னேன்: விளம்பரத்துக்காக எடுக்கப்படும் கடிகாரப் படங்களில் முட்கள் பெரும்பாலும் பத்து பத்தை ஒட்டியே வைக்கப்பட்டிருக்கும், இரண்டு முட்களும் இருபுறமும் சமமாக விரிந்து நிற்கும், நடுவில் பன்னிரண்டுக்குக் கீழே உள்ள நிறுவனத்தின் பெயர் மறையாமல் தெரியும், அதற்காகப் பல்லாண்டுகளாகப் பின்பற்றப்படும் வழக்கம் அது. எந்தக் கைக்கடிகார விளம்பரத்தை எடுத்தாலும் இதைப் பார்க்கலாம். டீசர் செய்பவர்கள் ஆயத்தமாகக் கிடைக்கும் படங்களையும் காட்சித் துண்டுகளையும் வாங்கி ஒட்டுவது சாதாரணம். அப்படி வாங்கிய கடிகாரம் எதுவானாலும் பத்து பத்தையே காட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். நண்பர் ஒரு நொடி யோசித்துவிட்டு, 'எழுத்தாளர் அதையும் யோசித்திருப்பார்' என்றார்.

எனக்குத் தாங்க முடியாமல் போனது இந்த வாக்கியம்தான். ஒரு தடயம் இவர்கள் யூகத்தோடு ஒத்துப்போனால் அது சான்று. ஒத்துப்போகாவிட்டால், எழுத்தாளர் வேண்டுமென்றே போட்ட திசைதிருப்பல். தடயமே இல்லையென்றால், மறைத்துவிட்டார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். எந்தப் பக்கம் போட்டாலும் தாயம் விழுகிற ஆட்டத்தை எப்படித் துப்பறிதல் என்று சொல்ல மனம் வருகிறது? ஐந்து நாவல்களாக நம் துப்பறிவாளர் செய்துகாட்டியதெல்லாம் இதற்கு நேர்மாறான வேலை. தனக்குப் பிடித்த விளக்கத்தை ஒரே ஒரு சிறு பொருள் மறுத்தால் போதும், அந்த விளக்கத்தை அங்கேயே தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். அவரை நேசிப்பவர்கள் அவரிடமிருந்து கற்றுக்கொண்டது இவ்வளவுதானா?

அடுத்தது சிவப்பு வட்டம் போட்ட கை. நிழல் இடது கையில் கத்தியைப் பிடித்திருக்கிறது, அந்தப் பாத்திரம் இடது கைப் பழக்கமுடையவர், ஆகவே அவர்தான். இதைக் கேட்டபின் நானே அந்தக் காட்சியை நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன். நிழல் விழும் சுவருக்குப் பக்கத்தில் ஒரு புத்தக அலமாரி இருக்கிறது. அதில் உள்ள தடித்த நூல்களின் முதுகில் பொன்னிறத்தில் அச்சாகியிருக்கும் எழுத்துகள், கண்ணாடியில் பார்த்ததுபோல் வலமிருந்து இடமாகத் திரும்பியிருக்கின்றன. யாரோ ஒரு படத்தொகுப்பாளர், திரையின் இடப்பக்கத்தில் தலைப்பு வருவதற்கு இடம் வேண்டும் என்பதற்காகக் காட்சியைத் திருப்பிப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். திருப்பிய படத்தில் இடது கை என்றால், எடுத்த படத்தில் அது வலது கை. சிவப்பு வட்டம் போட்டவர்கள் அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி இருந்த எழுத்துகளைப் பார்க்கவே இல்லை. இதைச் சொன்னதற்கும் நண்பரிடம் பதில் இருந்தது: 'அப்படியானால் கண்ணாடி ஒரு தடயமாக இருக்குமோ?'

டீசர் எப்படி உருவாகிறது என்று இவர்கள் ஒரு கணமாவது நினைத்துப் பார்த்திருக்கிறார்களா? அதைச் செய்வது பதிப்பகத்தின் விளம்பரப் பிரிவு. பல நேரங்களில் வடிவமைப்பாளரின் கையில் இருப்பது ஒரு பக்கச் சுருக்கமும், 'இருட்டாக, மழையாக, பயமாக இருக்கட்டும்' என்பதுபோன்ற ஓரிரு குறிப்புகளும்தான். முடிவை வெளியில் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே அவருக்கு முழுப் பிரதி தரப்படாமலும் இருக்கலாம். கொலையாளி யாரென்று தெரியாத ஒருவர் கொலையாளிக்கான தடயத்தை எப்படி ஒளித்து வைப்பார்?

தடயம் என்ற சொல்லுக்கு மர்ம நாவல் உலகில் ஒரு மரியாதை இருக்கிறது. 1929இல் ஆங்கில மர்மக் கதை எழுத்தாளர் ரொனால்டு நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தபோது, துப்பறிவாளர் கண்டெடுக்கும் எந்தத் தடயமும் உடனுக்குடன் வாசகரின் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும் என்பதை அவற்றில் ஒன்றாக வைத்தார். அதே காலத்தில் எல்லரி குவீன் என்ற புனைபெயரில் இருவர் சேர்ந்து எழுதிய நாவல்களில் ஓர் இடத்தில் கதையை நிறுத்தி, 'தேவையான எல்லாம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது, விடையைச் சொல்லுங்கள் பார்க்கலாம்' என்ற பொருளில் வாசகருக்கு நேரடியாகச் சவால் விடுவார்கள். எழுத்தாளருக்கும் நமக்கும் இடையிலான ஒப்பந்தம் அது. தடயத்தைக் கதைக்குள் நேர்மையாக வைப்பது அவர் பொறுப்பு. கதைக்குள் தேடுவது நம் பொறுப்பு. விளம்பரத் துண்டு அந்த ஒப்பந்தத்தில் எங்கும் கையெழுத்துப் போடவில்லை.

நண்பர் இதற்கும் ஒரு முன்னுதாரணம் காட்டினார், அது அவர் சொன்னவற்றிலேயே கொஞ்சம் கனமானதுதான். சார்லஸ் டிக்கன்ஸ் தன் கடைசி நாவலான 'எட்வின் ட்ரூடின் மர்மம்' மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு பகுதிகளில் வரத் திட்டமிட்டு, ஆறு பகுதிகளுக்கான கதையை மட்டும் எழுதிவிட்டு 1870 ஜூன் 9 அன்று இறந்துபோனார். சார்லஸ் காலின்ஸ் வரைந்த மாதப் பகுதியின் மேலட்டையில், கீழே விளக்கேந்திய ஒருவன் இருளில் நிற்கும் இன்னொருவனைக் காண்பதுபோல் ஒரு சிறு படம் உண்டு. நிற்பவன் செத்துப்போனதாகக் கருதப்படும் ட்ரூடா, மாறுவேடமிட்ட வேறொருவரா என்று நூறாண்டுக்கும் மேலாக விவாதிக்கிறார்கள். 1914இல் லண்டனில் எழுத்தாளர்களான செஸ்டர்டன் நீதிபதியாகவும் பெர்னார்டு ஷா ஜூரர்களின் தலைவராகவும் அமர்ந்து, அந்த நாவலில் ட்ரூடைக் கொன்றதாகச் சந்தேகிக்கப்படும் ஜாஸ்பர் மீது ஒரு விளையாட்டு விசாரணையே நடத்தினார்கள். 'அவர்கள் அட்டைப்படத்தை ஆராயலாம், நாங்கள் டீசரை ஆராயக் கூடாதா?' என்பது நண்பரின் கேள்வி. அங்கே எழுதியவர் இறந்துவிட்டார் ஐயா! மீதிக் கதை இனி வரவே வராது. கையில் மிஞ்சிய அட்டையைப் பார்த்து ஏங்குவதைத் தவிர அந்த வாசகர்களுக்கு வேறு வழியில்லை. நம் எழுத்தாளர் உயிரோடு இருக்கிறார், எழுதி முடித்துவிட்டார், ஆறு வாரத்தில் புத்தகம் கைக்கு வரப்போகிறது. பந்தி தொடங்கும் முன் எச்சில் இலையைப் பிரித்துப் பார்க்கும் அவசரம் எதற்கு?

'யூகம் தப்பாகப் போனால் உங்களுக்கு நஷ்டமே இல்லையே' என்று கடைசியாக ஒரு சமாதானம் சொன்னார். தப்பாகப் போனாலும் நஷ்டம்தான். இனி நாவலில் அந்தப் பாத்திரம் கதவைத் தட்டினாலும், கை கழுவினாலும், நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னாலும், என் கண்முன் அந்தச் சிவப்பு வட்டம் வந்து நிற்கும். அவர் கொலையாளி இல்லையென்று கடைசிப் பக்கம் சொல்லலாம். ஆனால் முந்நூறு பக்கமும் அவரை நான் சந்தேகத்தோடு படித்திருப்பேன். எழுத்தாளர் யாரைச் சந்தேகிக்கச் சொல்லி எங்கே என் கையைப் பிடித்து அழைத்துப் போக நினைத்தாரோ அங்கே என்னால் போக முடியாது. முதல் வாசிப்பு ஒரு முறைதான் கிடைக்கும், அதை யாராலும் திருப்பித் தர இயலாது.

எனக்கொரு வழக்கம் உண்டு. முக்கால் நாவல் முடிந்ததும் புத்தகத்தை மூடி வைத்து, ஒரு துண்டுச் சீட்டில் கொலையாளி என்று நான் நினைக்கும் பெயரையும் அதற்கான காரணத்தையும் இரண்டு வரியில் எழுதி, பின்னட்டைக்குள் செருகிவிட்டுத்தான் மீதியைப் படிப்பேன். இந்தத் தொடரின் ஐந்து நாவல்களிலும் அந்தச் சீட்டுகள் இருக்கின்றன. நான்கில் தோற்றேன், மூன்றாவது நாவலில் மட்டும் சரியாகப் பிடித்தேன், அன்றிரவு தூக்கமே வரவில்லை. ஆறாவது சீட்டில் எந்தப் பெயரை எழுதினாலும், நண்பர் அனுப்பிய பெயரை ஏற்றோ மறுத்தோ எழுதியதாகவே அது இருக்கும்.

பதிப்பகத்தார் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. டீசரின் கடைசித் திரையில் 'தடயங்களைக் கண்டுபிடித்துவிட்டீர்களா?' என்று எழுதி வைத்தவர்கள் அவர்கள்தான். தேன்கூட்டில் கல்லெறிந்துவிட்டுக் கொட்டுப் பட்டவனைப் பார்த்துக்கொண்டிருப்பது என்ன நியாயம்? புத்தகம் விற்கட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் படிப்பதற்கு மிச்சம் வைத்து விற்கலாம் அல்லவா?

அகதா கிறிஸ்டியின் 'எலிப்பொறி' நாடகம் 1952 முதல் லண்டனில் நடக்கிறது. ஒவ்வொரு காட்சியின் முடிவிலும், கொலையாளி யாரென்று வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். முன்பின் தெரியாத ஆட்கள், அடுத்த வரிசையில் உட்காரப்போகும் இன்னொரு முன்பின் தெரியாத ஆளுக்காக வாயைக் கட்டிக்கொள்ளும் பண்பை நம்பித்தான் அந்த வேண்டுகோள் வைக்கப்படுகிறது. நான் கேட்பது அதில் பாதிகூட இல்லை. யூகியுங்கள், ஆசை தீர யூகியுங்கள், உங்களுக்குள் விடிய விடியப் பேசுங்கள். பெயரைத் தலைப்பிலும் படத்திலும் போடாதீர்கள். கேட்காதவருக்கு அனுப்பாதீர்கள்.

இவ்வளவு கோபத்தோடு நேற்றிரவு அந்த டீசரை இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தபோது, இருபதாம் விநாடியில் புதிய புத்தகத்தைப் பழைய ஐந்தோடு வரிசையாக நிறுத்திக் காட்டுகிறார்கள். புதியது மற்ற ஐந்தையும்விடக் கட்டைவிரல் அகலம் உயரமாக இருக்கிறது! தொடரின் நடுவில் அளவை மாற்றிவிட்டார்கள். என் அலமாரித் தட்டை அந்த ஐந்து நாவல்களின் உயரத்துக்கு அளந்து அடித்து வைத்திருக்கிறேன். ஆறாவது அதில் நுழையாது, படுக்க வைக்கத்தான் வேண்டும். கடிகார முள்ளையும் நிழலின் விரலையும் எண்ணிய இத்தனை பேரில், வெட்டவெளிச்சமாக முழுத் திரையில் தெரிந்த இந்த ஒன்றை ஒருவராவது கவனித்துப் பதிப்பகத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?