அக்கினி வேண்டும் என்று கேட்கிறோம், களம் விளக்கப்பட சம்மதமா?

"அக்கினி இறங்கட்டும், அபிஷேகம் ஊற்றப்படட்டும்" என்று ஜெபிக்காத எழுப்புதல் கூட்டம் இன்று தமிழ்ச் சபைகளில் கிடையாது. ஆவியின் அபிஷேகத்தை நானும் முழு மனதோடு விசுவாசிக்கிறவன். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

"அவர் பரிசுத்த ஆவியினாலும் அக்கினியினாலும் உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்." மத்தேயு 3:11. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இதற்கு முந்தின வசனத்தையும் பிந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். பத்தாம் வசனத்தில் கனிகொடாத மரம் வெட்டுண்டு அக்கினியில் போடப்படுகிறது. பன்னிரண்டில் தூற்றுக்கூடையோடு அவர் களத்தை விளக்குகிறார், அதாவது போரடிக்கும் களத்தைத் தூற்றிச் சுத்தமாக்குகிறார், பதர் அவியாத அக்கினியில் எரிகிறது. மூன்று வசனத்திலும் அக்கினி இருக்கிறது. முன்னும் பின்னும் நியாயத்தீர்ப்பாக இருக்கிற அக்கினி, நடுவில் மட்டும் உற்சாகம் ஆகிவிடுமா? அதைச் சுத்திகரிப்பு என்று சொல்பவர்கள் உண்டு, பெந்தெகொஸ்தே நாளின் அக்கினிமயமான நாவுகள் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் சரியாகவே இருக்கட்டும். சுத்திகரிப்பு என்றாலும் நம்மிடம் ஏதோ ஒன்று எரிந்துதானே ஆக வேண்டும்?

எது எரிய வேண்டும் என்பதை, இயேசுவைக் குறித்து இந்த வார்த்தைகளைச் சொன்ன யோவான்ஸ்நானன் மழுப்பவில்லை. "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று ஜனங்கள் கேட்டபோது, லூக்கா 3-இல் அவர் அழச் சொல்லவில்லை, உபவாசம் இருக்கச் சொல்லவில்லை. இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடு. ஆயக்காரனா, கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகனா, யாரையும் இடுக்கண் செய்யாதே, உன் சம்பளம் போதும் என்றிரு. அவரவர் பையிலும் பிழைப்பிலும் நேராகக் கை வைத்தார். மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனி என்று அவர் சொன்னது இதைத்தான்.

இன்னொரு இடம், அப்போஸ்தலர் 10-உம் 11-உம். யூதரல்லாத ரோமப் படைத்தலைவனான கொர்நேலியுவின் வீட்டில் பேதுரு பேசிக்கொண்டிருக்கும்போதே ஆவியானவர் இறங்கிவிட்டார். தண்ணீர் ஞானஸ்நானம் அதற்குப் பிறகுதான். எருசலேமுக்குத் திரும்பிய பேதுருவிடம் அங்கிருந்த விசுவாசிகள் என்ன கேட்டார்கள்? அந்நிய பாஷை, அதாவது ஆவியின் ஏவுதலால் தாங்கள் கற்காத மொழி, பேசினார்களா என்றா? விருத்தசேதனமில்லாதவர்கள் வீட்டில் போய் அவர்களோடு சாப்பிட்டீரே என்றுதான் வழக்காடினார்கள். பந்தி விவகாரம்! அதற்குப் பதிலாகத்தான் "நீங்களோ பரிசுத்த ஆவியினாலே ஞானஸ்நானம் பெறுவீர்கள்" என்ற கர்த்தருடைய வார்த்தையைப் பேதுரு நினைவுபடுத்துகிறார். ஆவியின் ஞானஸ்நானமும் கலந்து உட்கார்ந்து சாப்பிடுவதும் ஒரே விவாதமாகத்தான் வேதத்தில் பதிவாகியிருக்கிறது. நாம் அதைப் பிரித்துவைத்துவிட்டோம்.

ஆவியின் ஞானஸ்நானத்தையும் அந்நிய பாஷையையும் வலியுறுத்தும் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் சொந்த வரலாறும் இதையே சொல்கிறது. 1906-இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வெள்ளைக்காரப் போதகர் சார்லஸ் பர்ஹாம் வேதாகமப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அடிமைகளாக இருந்தவர்களின் மகனான வில்லியம் சீமோர் அங்கே படிக்க வந்தார். கருப்பர் என்பதால் வகுப்புக்குள் இடமில்லை. வெளியே உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியாகவே பாடம் கேட்டார், ஆவியின் ஞானஸ்நானத்தைப் பற்றிய பாடத்தை! அந்தச் சீமோரைத்தான் அதே ஆண்டு ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸில் கர்த்தர் பயன்படுத்தினார். அசுசா தெருவில், குதிரை கட்டிக் கிடந்த ஒரு பழைய மரக்கட்டடம். மரப்பெட்டிகளை அடுக்கியதுதான் பிரசங்க பீடம். நிறப் பாகுபாடு சட்டமாகவே இருந்த நாட்டில் கருப்பரும் வெள்ளையரும் மெக்சிகோக்காரரும் ஒரே இடத்தில் முழங்கால் படியிட்டார்கள். அந்நிய பாஷையைவிட எனக்கு இதுதான் பெரிய அடையாளமாகத் தெரிகிறது. அக்டோபரில் அங்கே வந்து பார்த்த பர்ஹாமுக்கு இந்தக் கலப்பே சகிக்கவில்லை. கண்டித்தார், எடுபடாமல் போகவே தனிக் கூட்டம் போட்டார். பின்னாளில் சீமோர், அன்பில்லாத அந்நிய பாஷையை ஆவியின் ஞானஸ்நானத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று போதித்தார். ஆனால் இயக்கம் நிறவாரியாகப் பிரிந்தே வளர்ந்தது. 1994-இல் மெம்பிஸ் நகரில் ஒரு வெள்ளைக்காரப் போதகர் கருப்பினப் பேராயர் ஒருவரின் கால்களைக் கழுவி மன்னிப்புக் கேட்டார். அதற்குள் எண்பத்தெட்டு வருடம் ஓடிவிட்டது.

நம்முடைய கதவு எது? கிறிஸ்தவப் பத்திரிகைகளின் மணமகள் தேவை பக்கத்தைப் புரட்டுங்கள். "இரட்சிக்கப்பட்ட, முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த, அபிஷேகம் பெற்ற, நகை அணியாத மணமகள் தேவை." வாசிக்கும்போதே மனம் குளிர்கிறது. அடுத்த வரியில் சாதிப் பெயர். சிலர் உட்பிரிவையும் போடுகிறார்கள். காதில் கிடந்த கம்மலைக் கழற்ற வைத்த ஆவியானவர் இந்த வரியைத் தொடவில்லையா, அல்லது நாம்தான் தொட விடவில்லையா? "சாதி தடையில்லை" என்று போடுகிற குடும்பங்களும் உண்டு, அவர்களுக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். ஆனால் அவர்கள் குறைவு.

"அது சமுதாய வழக்கம் பிரதர், இரட்சிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்பார்கள். ஆபிரகாம் எங்களுக்குத் தகப்பன் என்று சொல்லிக்கொள்ள நினைக்காதிருங்கள் என்று யோவான் எச்சரித்ததும் இதே குலப்பெருமையைத்தானே? இரட்சிப்பு கிருபையினால்தான், அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அந்தக் கிருபை உள்ளே வந்திருந்தால் பதர் பறக்க வேண்டுமே! நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவங்கும் என்று பேதுரு எழுதியதை நாம் வெளியே இருப்பவர்களைப் பயமுறுத்த மட்டும் எடுக்கிறோம். பேதுரு கைகாட்டியது நம் வீட்டை.

போதகர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஞானஸ்நான ஆயத்த வகுப்பில் புகையிலை விட்டாயா, சினிமா விட்டாயா என்று கேட்கிறீர்கள். நல்லது, கேளுங்கள். சாதியை விட்டாயா, வட்டிக்குக் கொடுத்த பணத்துக்கு எவ்வளவு வாங்குகிறாய் என்றும் கேளுங்கள். பதில் சொல்லாதவரைத் தண்ணீருக்குள் இறக்க அவசரப்படாதீர்கள். வரன் பார்க்கச் சொல்லி ஜெபக்குறிப்போடு வருகிற பெற்றோரிடம், அந்தச் சாதி வரியை அடித்துவிட்டு வாருங்கள், பிறகு ஜெபிக்கலாம் என்று சொல்லுங்கள். இரண்டு குடும்பம் கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போகலாம், காணிக்கையும் குறையலாம். போகட்டும், பாஸ்டர்.