குளிர்கால எரிபொருள் உதவித்தொகை நிற்கவில்லை

“பிரிட்டனில் முதியோருக்கான குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள், புருசன் பெண்சாதி வருமானம் சேர்ந்து 35,000 பவுனைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

2024 குளிர்காலத்தில் பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரசு உதவி) போன்ற உதவி பெறுவோருக்கு மட்டும் என்று சுருக்கினார்கள், அது உண்மை. எதிர்ப்புக் கிளம்பியதும் 2025 ஜூனில் அரசு பின்வாங்கியது. இப்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓய்வூதிய வயதினருக்கு வழக்கம்போல வருகிறது: வீட்டுக்கு 200 பவுன், 80 வயதைத் தாண்டியவர் இருந்தால் 300 வரை. ஸ்கொட்லாந்தில் இது தனித் திட்டம்.

அந்த 35,000 தனி ஆளின் வரிக்குரிய வருமானம். கணவருக்கு 22,000, மனைவிக்கு 18,000 என்றால் இருவருமே வரம்புக்குள்தான். தாண்டியவருக்கும் பணம் முதலில் வரும். பிறகு வரித்துறை அவருடைய பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

பெரும்பாலானோர் விண்ணப்பிக்கவே தேவையில்லை. என் மாமியின் வங்கிக் கணக்கில், அவருடைய தேசியக் காப்புறுதி எண்ணுக்குப் பக்கத்தில் ‘டி.டபிள்யூ.பி. டபிள்யூ.எஃப்.பி.’ (வேலை, ஓய்வூதியத் துறை தரும் குளிர்கால எரிபொருள் உதவித்தொகை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று ஒரு வரி, அவ்வளவுதான். மாமி அதை மின்சாரக் கம்பனி தவறுதலாகப் போட்ட காசு என்று நினைத்து ஒரு மாதம் தொடாமல் வைத்திருந்தார்! ஆகவே “உடனே விண்ணப்பியுங்கள்” என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்தியை அழித்துவிடுங்கள். அது மோசடி.

மின்கட்டணத்தில் 150 பவுன் கழிக்கும் ‘வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட்’ வேறு. அதை இதோடு குழப்ப வேண்டாம்.