நாலு சேட்டிலைட்டும் ஒரு போஸ்ட்மேனும்

(சென்னை, ஜி.பி. ரோடு. காருக்குத் தேவையானதும் தேவையே இல்லாததும் ஒரே கொக்கியில் தொங்கும் கடைகளில் ஒன்று. வாசலில் நீட்டிப் போட்ட தகரக் கூரைக்கு அடியில் ஒரு பழைய வேகன் ஆர் வந்து நிற்கிறது. இறங்குகிறவர் கோதண்டம், திருவல்லிக்கேணியில் தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவர். கடையில் இருப்பது அன்வர். முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார்.)

கோதண்டம்: தம்பி, காருக்கு ஜிபிஎஸ் வேணும். நல்லதா ஒண்ணு எடு.

அன்வர்: வாங்க சார். (சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைக்கிறான்.) 2,800 ரூபா. சிம் உள்ளேயே இருக்கு. டேஷ்போர்டுக்கு அடியில போட்டுடுவோம், வெளியில தெரியவே தெரியாது.

கோதண்டம்: தெரியாதா? அப்போ நான் எங்க பார்க்கிறது?

அன்வர்: நீங்க ஏன் சார் பார்க்கணும்? வீட்டுல இருக்கறவங்க பார்ப்பாங்க. வண்டி எங்க நிக்குது, என்ன ஸ்பீடுல போகுது, எல்லாம் அவங்க போன்ல வந்துடும்.

கோதண்டம்: ஆக, நான் எங்க இருக்கேன்னு என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

அன்வர்: அதான் சார் டிராக்கர். டிராவல்ஸ்காரங்க, லாரிக்காரங்க எல்லாம் இதைத்தான் வாங்குறாங்க.

கோதண்டம்: சர்வீஸ்ல இருந்தப்போ டீ குடிக்க ஒதுங்கினாலே போஸ்ட்மாஸ்டருக்குத் தகவல் போயிடும். ரிடையர் ஆனப்புறம் அதையே காசு கொடுத்து வாங்கணுமா? உள்ள வை. எனக்கு வழி காட்டறது வேணும்.

அன்வர்: எங்க சார் போகணும்?

கோதண்டம்: மக படப்பை தாண்டி வீடு கட்டியிருக்கா. புது லேஅவுட்டு. தெருவுக்குப் பேரே கிடையாது. செகண்ட் மெயின், தேர்டு கிராஸுன்னு கல்லுல பெயின்ட்ல எழுதி வச்சிருக்கான். அந்தக் கல்லையும் மாடு உரசி அழிச்சுடுச்சு.

அன்வர்: டீக்கடையில கேட்டா சொல்லிடுவாங்களே சார்.

கோதண்டம்: (குரலைத் தாழ்த்தி) நான் போஸ்ட்மேன் தம்பி. ஊருக்கே வழி சொன்னவன். நான் போய் கண்ணாடியை இறக்கி, "ஏம்ப்பா, இந்தத் தெரு எங்க இருக்கு?"ன்னு கேட்கிறதா?

அன்வர்: மிஷின்கிட்ட கேட்டா பரவால்லையா?

கோதண்டம்: மிஷின் வெளியில சொல்லாதுல்ல.

(அன்வர் பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரிக்கிறான்.)

அன்வர்: முன்னெல்லாம் கண்ணாடியில ஒட்டற மாதிரி கார்மின், மேப்மைஇந்தியா பெட்டி எல்லாம் வரும். இப்போ யாரும் கேட்கறதில்ல. இது ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. 9 இஞ்ச் திரை, அதுலயே மேப் வரும், 4 ஜிபி ராம், ஜிபிஎஸ் ஆன்டனா கூடவே வருது. 12,500.

கோதண்டம்: இது எப்படி நான் இருக்கற இடத்தைக் கண்டுபிடிக்கும்?

அன்வர்: மேல சேட்டிலைட் இருக்கு சார். 20,200 கிலோமீட்டர் உயரத்துல, 30 போல சுத்திட்டு இருக்கு.

கோதண்டம்: அங்கேர்ந்து என் வேகன் ஆர் தெரியுதா?

அன்வர்: தெரியாது. அது நம்மளப் பார்க்கிறதே இல்ல சார்.

கோதண்டம்: பின்ன என்னதான் பண்ணுது?

அன்வர்: மணி சொல்லும்.

கோதண்டம்: மணியா?

அன்வர்: "நான் இன்ன இடத்துல இருக்கேன், இப்போ மணி இவ்ளோ." அவ்ளோதான் சார். அது இங்க வந்து சேர எவ்ளோ நேரம் பிடிச்சதுன்னு பார்த்து, சேட்டிலைட் எவ்ளோ தூரத்துல இருக்குன்னு இந்தப் பெட்டி கணக்குப் போட்டுக்கும்.

கோதண்டம்: நான் எங்க இருக்கேன்னு அதுக்குத் தெரியாது.

அன்வர்: தெரியாது.

கோதண்டம்: நான்னு ஒருத்தன் இருக்கறதே தெரியாது.

அன்வர்: தெரியாது சார்.

கோதண்டம்: ஒண்ணும் தெரியாதவன் மணி சொல்லுவான். அதைக் கேட்டு இன்னொருத்தன் வழி சொல்லுவான். அதுக்கு 12,500. தம்பி என்ன படிச்சிருக்கே?

அன்வர்: பி.இ. சார். இ.சி.இ.

கோதண்டம்: அதான் பார்த்தேன். (சற்று யோசித்து) இரு, இரு. முத்திரை! லெட்டர் மேல எந்த ஆபீஸ், எந்தத் தேதின்னு முத்திரை இருக்கும். அதைப் பார்த்தா எங்கேர்ந்து கிளம்புச்சு, எத்தனை நாள் நடந்து வந்திருக்குன்னு தெரிஞ்சுடும். அது மாதிரியா?

அன்வர்: (வாய் பிளந்து) எங்க காலேஜ்ல இப்படி யாருமே சொல்லிக் கொடுக்கல சார்.

கோதண்டம்: உங்க காலேஜுக்கு லெட்டர் வந்திருக்காது. சரி, எத்தனை சேட்டிலைட் வேணும்?

அன்வர்: குறைஞ்சது நாலு.

கோதண்டம்: மூணு வச்சுக்கோ. 10,000 பண்ணிக்கலாம்.

அன்வர்: மூணு, இடம் கண்டுபிடிக்க சார். நாலாவது, பெட்டிக்குள்ள இருக்கற கடிகாரத்தைத் திருத்த. மேல இருக்கறது அணுக் கடிகாரம், இங்க இருக்கறது சாதா. ஒரு மைக்ரோ செகண்ட் தப்பினா 300 மீட்டர் தள்ளிக் காட்டிடும்.

கோதண்டம்: 300 மீட்டரா? அது அடுத்த பீட் ஆச்சே, வேற போஸ்ட்மேன்! சரி, நாலே இருக்கட்டும். மாச வாடகை எவ்ளோ?

அன்வர்: சேட்டிலைட்டுக்கு வாடகை கிடையாது. அமெரிக்காக்காரன் அவன் வரிப் பணத்துல நடத்துறான்.

கோதண்டம்: நான் படப்பைக்குப் போக அவன் ஏன் கட்றான்?

அன்வர்: ராணுவத்துக்காக விட்டது சார். 2000-ம் வருஷம் மே மாசம் வரைக்கும் நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு வர்ற சிக்னலை வேணும்னே கெடுத்துத்தான் கொடுத்தாங்க. 100 மீட்டர்கூட தப்பும். கிளின்டன்தான் அதை நிறுத்தினாரு.

கோதண்டம்: நம்ம ஆளுங்களோடது ஒண்ணும் இல்லையா?

அன்வர்: இருக்கே. இஸ்ரோவோட நாவிக். 2013-ல முதல் சேட்டிலைட் ஸ்ரீஹரிகோட்டாலேர்ந்து போச்சு. ஆனா அந்தச் சிக்னலை வாங்கற சிப் உள்ள இருந்தாத்தான் வேலை செய்யும். இந்த மாடல்ல இருக்கான்னு டப்பாவுல போடல.

(இந்தப் பையனை எனக்குப் பிடித்துப்போனது இங்கேதான். டப்பாவில் போடாததை வாயால் போட்டு விற்கிற கடைகளே அதிகம்.)

கோதண்டம்: சரி, அட்ரஸுக்கு வா. திருவல்லிக்கேணியில ஒரு வீட்டுக்குப் பழைய எண் 14, புது எண் 31. ரெண்டு கதவு தள்ளி இன்னொரு வீடு, அதுக்குப் பழைய எண் 31. நான் 31-ன்னு போட்டா உன் மிஷின் எங்க கொண்டுபோய் விடும்?

அன்வர்: (தலையைச் சொறிந்து) ரெண்டுக்கும் நடுவுல விட்டுடும் சார்.

கோதண்டம்: போஸ்ட்மேன்னா பேரைப் பார்த்தே வீட்டைச் சொல்லிடுவான். அதுவும் இப்போ டிபார்ட்மென்ட்ல 'டிஜிபின்'னு ஒண்ணு வந்திருக்கு, தெரியுமா? நாடு பூரா 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்து.

அன்வர்: சூப்பர் சார். அப்போ வீடு மாறவே மாறாது.

கோதண்டம்: எங்க ஏரியாவுல 4 மீட்டருக்குள்ள மூணு குடித்தனம் இருக்கும் தம்பி. அதுக்கு மேல மாடி வேற.

அன்வர்: மாடின்னதும் ஞாபகம் வருது சார். பாலத்துல மட்டும் பார்த்துப் போங்க. நீங்க மேல போறீங்களா, அடியில போறீங்களான்னு இதுக்குப் பல சமயம் பிடிபடாது. கத்திப்பாராவுல கொஞ்சம் குழம்பும்.

கோதண்டம்: கத்திப்பாராவுல யாருதான் குழம்பல? அங்க ஒரு தடவை ஏர்போர்ட் பக்கம் போகக் கிளம்பி, கோயம்பேட்டுல காய்கறி வாங்கிட்டு வந்தேன்.

அன்வர்: மெட்ரோ வேலையால ரோடு திருப்பி விட்டிருப்பாங்க, அதுக்கு மேப் லைவா இருக்கணும். நெட் வேணும்.

கோதண்டம்: சேட்டிலைட் சும்மான்னியே!

அன்வர்: சேட்டிலைட் சும்மா. இடம் தெரியறதுக்கு நெட்டே வேண்டாம். மேப்புக்கும் டிராஃபிக்குக்கும்தான் வேணும். உங்க போன்லேர்ந்து ஹாட்ஸ்பாட் போட்டுக்கலாம்.

கோதண்டம்: போன்லயே மேப் இருக்கே?

அன்வர்: இருக்கு.

கோதண்டம்: போன்லயும் அதே சேட்டிலைட்டா?

அன்வர்: (தெருவை எட்டிப் பார்க்கிறான். முதலாளி இன்னும் வரவில்லை.) அதே சேட்டிலைட்தான் சார். உண்மையைச் சொல்லட்டா? 350 ரூபாய்க்கு ஒரு ஹோல்டர் போதும். வீட்டு வைஃபைல படப்பை பக்கம் மேப்பை இறக்கி வச்சுக்கிட்டா, டவர் இல்லாட்டியும் ஓடும். தமிழ்லயே பேசும்.

கோதண்டம்: போட்டுப் பார்த்துட்டேன் தம்பி. சித்திரை வெயில்ல டேஷ்போர்டுல வச்சா போன் கொதிக்குது, திரை மங்கிப்போகுது. சரியா திரும்பற இடத்துல எவளாவது கூப்பிட்டு, "சார், பர்சனல் லோன் வேணுமா?"ங்கறா. அவளை வேண்டாம்னு சொல்றதுக்குள்ள ரைட் போயிடுச்சு.

அன்வர்: (முகம் மலர்ந்து) அப்போ ஸ்டீரியோதான் சார் உங்களுக்கு! ஒயரை வெட்ட மாட்டோம், கப்ளர் போட்டுத்தான் மாட்டுவோம். ஆன்டனாவை ஸ்டீரியோ பின்னாடி திணிக்க மாட்டோம், டேஷ்போர்டு மேல கண்ணாடிக்கு அடியில வைப்போம். ஃப்ரேம் மட்டும் தனி, 900.

கோதண்டம்: ஃப்ரேமோட 11,000.

அன்வர்: 12,000 சார். முதலாளி என்னைத் திட்டுவாரு.

கோதண்டம்: முதல்ல ஓட விட்டுக் காட்டு.

(அன்வர் தற்காலிகமாக ஒயர் கொடுத்து ஆன்டனாவை வைக்கிறான். திரையில் வட்டம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது.)

கோதண்டம்: யார்கிட்டயோ வழி கேட்டுட்டிருக்கு போல.

அன்வர்: தகரத்துக்கு அடியில சிக்னல் வராது சார். வண்டியை ரோட்டுக்கு எடுங்க. புதுசு, மொத தடவை கொஞ்சம் நேரமாகும்.

(வண்டி வெளியே வருகிறது. பின்னால் ஆட்டோ ஒன்று நிறுத்தாமல் ஹார்ன் அடிக்கிறது. திரையில் தெரு ஒவ்வொன்றாக விரிந்து, ஒரு நீலப் புள்ளி வந்து உட்காருகிறது.)

அன்வர்: வந்துடுச்சு! பாருங்க சார், ஏழு சேட்டிலைட்!

கோதண்டம்: (கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து) நாம உன் கடை வாசல்லதானே நிக்கிறோம்?

அன்வர்: ஆமா சார்.

கோதண்டம்: இது பக்கத்துக் கடைக்குள்ள நிக்கிறோம்னு காட்டுது.

அன்வர்: கட்டடத்துல பட்டுத் தெறிச்சு வர்ற சிக்னல் சார். அஞ்சு, பத்து மீட்டர் அப்படி இப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிடும்.

கோதண்டம்: (இறங்கிக் கதவைச் சாத்துகிறார்.) தப்பா சொல்லியிருக்காது தம்பி. ஏழு சேட்டிலைட் சேர்ந்து சொல்லுது.

அன்வர்: எங்க சார் போறீங்க?

கோதண்டம்: அங்க என்ன விலைன்னு கேட்டுட்டு வந்துடறேன். வண்டியைப் பார்த்துக்கோ.