ஏன் மூடினார்கள், அதைச் சொல்லுங்கள் ஐயா!

அரை மணி நேர வீடியோ. தலைப்பு: 'ஏரிக்கரை பூங்காவில் அமானுஷ்யம்! இரவோடு இரவாக ஓடிய மக்கள்!' முகப்புப் படத்தில் கண்ணில் ரத்தம் வழியும் கோமாளி. இந்த யூடியூப் ஆளை உங்களுக்கும் தெரியும், சேனல் பெயர்தான் வேறாக இருக்கும்.

முதலில் வணக்கம். அப்புறம், 'இதயம் பலவீனமானவங்க பார்க்காதீங்க.' அப்புறம் பெல் பட்டன். அப்புறம் கதவு கிறீச்சிடும் சத்தம். திறந்தவெளிப் பூங்காவில் ஏதய்யா கதவு? 'அங்க என்ன நடந்துச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி...' என்று இழுத்து நிறுத்தினால், முடி கொட்டாமல் இருக்க எண்ணெய் விளம்பரம். எனக்குக் கொட்டியதே இந்த வீடியோவால்தான். விளம்பரம் முடிந்ததும் 'அமெரிக்காவில் ஒரு ஏரி...' என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

சரி, பேயாவது ஒழுங்கான பேயா? ஊஞ்சலில் ஆடும் சிறுமியின் ஆவியாம். அந்தக் கதை அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் இருக்கும் லேக் ஷானியுடையது, 1966-லேயே மூடிய கேளிக்கைப் பூங்கா. இவர் ஓட்டிய ட்ரோன் காட்சியோ ஒஹாயோ மாநிலத்தில் இருந்த ஜியாகா லேக் என்ற வேறொரு கேளிக்கைப் பூங்கா. ஆவிக்கு மாநிலம் விட்டு மாநிலம் மாற்றல் உத்தரவு போட்டிருக்கிறார்!

ஜியாகா லேக்கில் எந்த ஆவியும் இல்லை. எல்லாம் வியாபாரம். ஒரு கரையில் ராட்டினங்கள், எதிர்க்கரையில் 1970 முதல் சீவேர்ல்டு என்ற கடல்விலங்குப் பூங்கா. 2001-ல், ராட்டினக் கரையை வைத்திருந்த சிக்ஸ் ஃப்ளாக்ஸ் நிறுவனம் எதிர்க்கரையையும் வாங்கி, இரண்டையும் ஒரே பூங்காவாக்கியது. மூன்றே வருடத்தில், 2004-ல், எல்லாவற்றையும் 14.5 கோடி டாலருக்கு சீடர் ஃபேர் என்ற இன்னொரு பூங்கா நிறுவனத்திடம் தள்ளிவிட்டது. அந்த நிறுவனத்துக்கு அதே ஒஹாயோவில் சீடர் பாயின்ட் என்ற பிரம்மாண்டமான பூங்கா ஏற்கெனவே இருந்தது. மூத்தாள் வீட்டுக்கு வந்த இளையாள் கதிதான்.

2007 செப்டம்பர் 16, வழக்கம்போல் சீசன் கடைசி நாள். ஜனங்களும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். 21-ஆம் தேதி அறிவிப்பு வருகிறது: இனி ராட்டினமே கிடையாது, தண்ணீர்ப் பூங்கா மட்டும்தான். போனவனுக்கு அதுதான் கடைசி நாள் என்றே தெரியாது! இதைவிடவா ஒரு திகில் வேண்டும்? டாமினேட்டர் என்ற ரோலர் கோஸ்டரைக் கழற்றி வர்ஜீனியாவுக்கு, தண்டர்ஹாக் என்ற இன்னொன்றை மிச்சிகனுக்கு. 1925-ல் கட்டிய மர ரோலர் கோஸ்டர் பிக் டிப்பர் ஏலத்தில் ஐயாயிரம் டாலருக்குப் போனது. ஐயாயிரம்! எடுத்தவரும் கொண்டுபோகவில்லை. செடிகொடி மூடி அங்கேயே நின்றதை 2016-ல் இடித்துத் தள்ளினார்கள். அதே பிக் டிப்பரைத்தான் நம்ம ஆள் சிவப்பு வட்டம் போட்டு, 'பாருங்க, யாருமே இல்லாம அசையுது' என்கிறார். காற்றடித்தால் கொடி அசையாதா அப்பனே?

பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரை பார்த்தேன். கடைசி நிமிடம். இசை நின்றது. கேமராவை உற்றுப் பார்த்து சொன்னார்:

'அப்போ ஏன் மூடினாங்க? நீங்க என்ன நினைக்கிறீங்க? கமென்ட்ல சொல்லுங்க!'

சிரிப்புதான் வந்தது. வேறென்ன செய்ய? பார்ட் டூ வேறு வருகிறதாம்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே கரண்டும் போய்விட்டது. இன்வெர்ட்டர் பேட்டரி மாற்ற 'இதோ கிளம்பிட்டேன் சார்' என்று போன வாரம் சொன்னவர், இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்.