ஒரே வருடத்தில் ஆன்லைன் பிஎச்டி: நம்பிப் பணம் கட்ட வேண்டாம்

“வேலையை விடாமல் ஆன்லைனிலேயே ஒரு வருடத்தில் கல்வியியல் பிஎச்டி, யுஜிசி அங்கீகாரம் உண்டு” என்று ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்டி விதிமுறைகளின்படி, கோர்ஸ் ஒர்க்கையும் (ஆய்வுக்கு முன் படிக்கும் பாடங்கள்) சேர்த்துக் குறைந்தது 3 வருடம் படிக்க வேண்டும். தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பிஎச்டி நடத்த எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அனுமதி இல்லை.

பகுதிநேர பிஎச்டி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, சரி. ஆனால் பகுதிநேரம் வேறு, ஆன்லைன் வேறு. வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் ஒர்க் முடிக்க வேண்டும். அப்புறம்தான் உண்மையான வேலையே. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். வினாத்தாள் தயாரித்து, ஒரு பள்ளியில் முன்னோட்டம் பார்த்து, சரியில்லாத கேள்விகளை நீக்கி, மறுபடி பல பள்ளிகளுக்குப் போக வேண்டும். தேர்வு, விடுமுறை எல்லாம் நடுவில் வரும். ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து குறைந்தது இரண்டு பேர் மதிப்பிட வேண்டும்.

விதிமுறையின் முழு வடிவம் யுஜிசி இணையதளத்தில் இருக்கிறது. அந்த ‘ஒரு வருட பிஎச்டி’ வாட்ஸ்அப் தகவல் உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.